கோட்டும் டையும் அவர்களே தருவார்கள்

1

சிவம் அண்ணை பாரிஸில் இறந்தார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. என் வதிவிட அட்டை அந்த வாரம் புதுப்பிப்பதற்காகச் சுவிஸ் அலுவலகமொன்றில் கிடந்தது. அட்டை இல்லாமல் எல்லை தாண்டினால் திரும்பி வரும்போது பதில் சொல்ல வேண்டிவரும். அலுவலகத்துக்குப் போய், அண்ணன் இறந்துவிட்டார், இரண்டு நாளுக்கு ஒரு கடிதம் தருவீர்களா என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உடன்பிறந்தவரா என்று கேட்டார். பெரியம்மாவின் மகன் என்றேன். அவருடைய கணினியில் அந்த உறவுக்கு இடமில்லை. தூரத்து உறவு என்று பதிந்தார். தூரத்து உறவுக்குக் கடிதம் கிடையாது. சிவம் அண்ணையின் சைக்கிள் பாரில் அமர்ந்துதான் நான் ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போனேன் என்பதை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்கு வாக்கியம் வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை.

பத்தாம் நாள் மல்லிகா அக்கா தொலைபேசி எடுத்தார். அவர் சிவம் அண்ணையின் மூத்த சகோதரி. திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், தாய் தகப்பன் இருந்த அதே வீட்டில் இருக்கிறார். உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் சுகம் விசாரிப்பதில்லை. வேலை சொல்வார்.

"கல்வெட்டு நீதான் எழுதவேணும்."

"ஓம் அக்கா."

"பண்பாளர், பாசமானவர் எண்டு அளக்காதை. எல்லாற்றை கல்வெட்டிலையும் அதுதான் கிடக்கு. தம்பி பாரிஸ் நூதனசாலையிலை பெரிய ஒபிசரா இருந்தவன். அதை விபரமா எழுது."

"பதவியின்ரை பேர் என்னக்கா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீ பேப்பர்க்காரியெல்லே. போய் விசாரிச்சு எழுது. ரெண்டு பக்கம் வரவேணும். படத்துக்கு அரைப் பக்கம் விட்டிருக்கு."

வெளியூர் வாசகர்களுக்கு இரண்டு விளக்கம். நூதனசாலை என்றால் அருங்காட்சியகம். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்விசிறியின் கீழ் படுத்துக்கொண்டு வாசித்து, எது உண்மை எது புளுகு என்று தீர்ப்புச் சொல்வது ஊர் வழக்கம். நான் திருகோணமலையில் ஒன்பது வருடம் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் எழுதிய எந்தச் செய்தியையும் ஒரு கல்வெட்டு அளவுக்கு யாரும் கவனமாக வாசித்ததில்லை.

அட்டை வந்ததும், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் குசினியில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டு, தனியாக ரயில் ஏறினேன். என் மகனுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "அவற்றை வேலையை இணையத்திலை தேடிப் பாக்கலாமே அம்மா," என்றான். தேடியும் பார்த்தான். நூதனசாலை அதிகாரிகளின் பட்டியலில் எங்களுடைய பெயர் இல்லை. "எழுத்துக்கூட்டல் வேறையாயிருக்கும்," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான்.

2

பாரிஸ் பற்றி எங்கள் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளில் பத்துப் பன்னிரண்டையாவது நானே பிழை திருத்தியிருக்கிறேன். ஒளி நகரம், கலைகளின் தாய்வீடு, காதலர்களின் ஆறு. எழுதியவர்கள் ஒரு வாரம் உறவினர் வீட்டில் தங்கித் திரும்பியவர்கள். அந்த உறவினர் காலை ஐந்து மணிக்கு எழும்பி எந்த உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனார் என்பது ஒரு கட்டுரையிலும் இல்லை. நான் கண்டதை எழுதுகிறேன்.

நிலையத்தில் இறங்கியதும் மூத்திர வாடை. கழிப்பறைக்குக் காசு கேட்கிறார்கள், பிறகு சுவரில் போகிறார்கள் என்று நகரம் கோபித்துக்கொள்கிறது. சுரங்க ரயிலில் படிகள் அதிகம், மின்படிகள் குறைவு, இருந்தவற்றில் ஒன்று பழுது. ஒரு கடையில் தண்ணீர் வாங்கும்போது பழக்கத்தில் ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லிவிட்டேன். கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் தொடர்ந்ததும் பிரெஞ்சுக்கு மாறினார். எந்த மொழியில் பேசினாலும் அதற்கு அடுத்த மொழியில் நிற்பது இங்கே ஒரு கலையாக இருக்கவேண்டும்.

நூதனசாலையின் பெயரை எழுதவில்லை. பெரியது. வாசலில் ஒன்றரை மணி நேரம் காற்றில் நின்றேன். முன்னால் நின்ற கூட்டத்தின் வழிகாட்டி ஒரு மடித்த குடையை உயர்த்திப் பிடித்திருந்தார். நாற்பது பேர் அந்தக் குடையைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் நடந்தார்கள். உள்ளே அதிகம் பேர் கூடும் அறையில் சுவரோடு ஒதுங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஓவியத்தின் முன்னால் வந்த ஒரு பெண் அங்கே நின்றது பதினொரு விநாடி. அதில் ஏழு விநாடி அவர் ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் தன்னைப் படம் பிடித்தார். அவருக்கு அடுத்தவர் இன்னும் வேகம்.

கீழ்த்தளத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு செப்புச் சிலை, அம்மன், கண்ணாடிக்குள். பக்கத்தில் சிறு அட்டை: எந்த நூற்றாண்டு, எந்த உலோகம், எவ்வளவு உயரம், கடைசி வரியில் 'கொடை'. பத்திரிகையில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது, யார், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்கவேண்டும் என்பது. கொடுத்தவர் பெயர் இருந்தது. அவர் கைக்கு அது எப்படி வந்தது என்பது இல்லை. அம்மனுக்கு எந்த ஊர் என்பதும் இல்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தில் இவ்வளவு படித்தவர்கள் சம்பளத்துக்கு இருந்துகொண்டு எழுதிய அட்டை அது. என் ஆசிரியர் அதை என் முகத்தில் எறிந்திருப்பார்.

எனக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது என்று நான்காம் வகுப்பில் பாடமாக்கினோம். அதன் கரையில் பிறந்து, வளர்ந்து, அதன் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த வீட்டில் இருந்தோம். கடற்படை வாசலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நல்ல பொருள் இருக்கும் இடத்தில் எங்களுக்குக் கிடைக்கும் இடம் வாசல்தான். இந்த நகரம் அதற்கு ஒரு நுழைவுச் சீட்டு அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

3

மல்லிகா அக்காவின் விறாந்தையில் ஒரு படம் தொங்குகிறது. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, நெஞ்சில் ஒரு சிறிய வில்லை. பின்னால் பொன் சட்டம் போட்ட ஓவியத்தின் ஒரு மூலை. சிவம் அண்ணை சிரிக்காமல் நிற்கிறார். அந்தப் படத்தோடு வந்த கடிதம் எனக்கே மனப்பாடம், ஏனென்றால் அக்கா அதை வந்தவர் போனவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். 'நூதனசாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அரசாங்க வேலை. கோட்டும் டையும் அவர்களே தருவார்கள்.'

திருகோணமலையின் வெயிலில் கோட்டுப் போடுகிறவர்கள் மூன்று வகை: சட்டத்தரணி, வங்கி முகாமையாளர், மாப்பிள்ளை. சிவம் அண்ணை போவதற்கு முன் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே வாசலில் ஊருக்குள் திரியும் மான் படுத்திருக்கும், உள்ளே அரசாங்க அதிபர்கூட அரைக்கைச் சட்டைதான். அப்படிப்பட்ட ஊருக்கு, அரசாங்கமே கோட்டுத் தருகிற வேலை என்று ஒரு கடிதம் வந்தால் ஊர் அதை எப்படி வாசிக்கும்? அக்கா வாசித்தது போலத்தான். நானும் அப்படித்தான் வாசித்தேன். ஒன்பது வருடம் நிருபராக இருந்த நானும் பதவியின் பெயரைக் கேட்கவில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தபோது கதவருகில் ஒருவர் நின்றார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, நெஞ்சில் வில்லை. அடுத்த மண்டபத்திலும் ஒருவர். அதற்கு அடுத்ததிலும். ஓவியத்துக்கு மிகக் கிட்டப் போகிறவர்களிடம் கையைக் காட்டி விலகச் சொன்னார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். யாரும் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் மேலங்கியை அவர்களில் ஒருவரிடம் நீட்டினார், அதை வாங்கி வைப்பது அவருடைய வேலை என்று நினைத்து.

நான் ஐந்து மண்டபங்களில் வில்லைகளைப் பார்த்தேன். எல்லாம் அக்காவின் படத்தில் இருந்த அதே வில்லை.

4

சிவம் அண்ணையின் மகள் நிலானி மாலை நான்கு மணிக்கு அதே நூதனசாலைக்கு வந்தாள். முப்பது வயது, மருந்தகத்தில் வேலை. தாய் இறந்து பத்து வருடம். தமிழ் பேசுவாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போல. சாம்பலைத் திருகோணமலைக்குக் கொண்டுபோவதற்கு ஏதோ ஒரு கடதாசிக்கு மூன்றாம் தடவையாக ஓர் அலுவலகத்தில் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

"சின்ன மாமி, நீங்கள் கண்டுட்டீங்கள்," என்றாள், என் முகத்தைப் பார்த்து.

"ஓம். உனக்கு முதலே தெரியும்தானே?"

"நான் மகள்."

மட்பாண்டங்கள் வைத்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆட்கள் வருவதில்லை. தட்டுகள், கூசாக்கள், கிண்ணங்கள். சிவம் அண்ணை இருபத்திநாலு வருடம் பெரும்பாலும் அந்த மண்டபத்தில்தான் நின்றார். பக்கத்து மண்டபத்தின் காவலர் ஒரு கரீபியன் தீவுப் பெண், ஓய்வு பெறும் வயது. நிலானியைக் கட்டிப்பிடித்தார். என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்லுறா?"

"அப்பா ஓவியம் இருக்கிற இடத்துக்குப் போக விரும்பேல்லையாம். கேட்டா குடுத்திருப்பினமாம். இஞ்சை ஆக்கள் வராயினம் எண்டதுதான் அவருக்குப் பிடிச்சதாம். எங்கடை ஆக்கள் வந்தா, சேலை, பொட்டு, அப்பிடி, இவாட்டைக் கேப்பாராம், கொஞ்ச நேரம் இடம் மாறுவமா எண்டு. அப்பாக்கு யாரோ எதிரி இருக்கிறான் எண்டு இவா நினைச்சவாவாம்."

அந்தப் பெண் தலையாட்டினார். சிரித்தார். தன் மண்டபத்துக்குத் திரும்பிப் போனார்.

நானும் நிலானியும் வாங்கில் அமர்ந்தோம். அவள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பத்து வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலை எங்களை இஞ்சை கூட்டிவந்தவை. முப்பது பிள்ளையள், மூண்டு ரீச்சர்மார். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அப்பா இஞ்சைதான் இருக்கிறார், காட்டுறன் எண்டு. இந்தக் கதவாலை வந்தம். அப்பா அந்தக் கதவிலை நிண்டார். நான் அப்பா எண்டு கூப்பிட்டன். அவர் என்னைப் பாத்தார், மாமி. பாத்திட்டுத் திரும்பிப் போயிட்டார்."

நிலானி அந்தக் கதவைக் கையால் காட்டினாள்.

"ரீச்சர் கேட்டா, அப்பா எங்கை எண்டு. இண்டைக்கு லீவு எண்டன். அடுத்த கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகேல்லை. பிறகு போகவேயில்லை. அம்மா அடிச்சும் பாத்தா."

எங்கள் பிள்ளைகள் தமிழை ஏன் விடுகிறார்கள் என்று புலம்பெயர்ந்த சங்கங்கள் நடத்தும் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். தொலைக்காட்சி என்பார்கள், வெள்ளைக்காரச் சிநேகிதர்கள் என்பார்கள். நிலானியைப் பற்றியும் அவளுடைய தாய் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டை வந்து அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பிட்டு அவிச்சுத் தந்தார்."

பிறகு அவள் கேட்டாள்: "புத்தகத்திலை என்ன எழுதப்போறியள்?"

"பெரிய மாமி ஒபிசர் எண்டு எழுதச் சொல்லுறா."

"அப்பிடி எழுதினா நான் வரமாட்டன். சாம்பலும் வராது." குரலை உயர்த்தவில்லை. "ஒபிசரை எனக்குத் தெரியாது. கதவிலை நிண்ட ஆளைத்தான் தெரியும். அவருக்காகத்தான் நான் அந்தக் கந்தோரிலை மூண்டு நாள் நிண்டது."

5

ஆற்றங்கரையில் ஒரு கல்லில் அமர்ந்து மல்லிகா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த ஆற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நான் கண்டது கபில நிறத் தண்ணீரும், மேல்தட்டில் நின்று கரையில் இருப்பவர்களுக்குக் கைகாட்டும் சுற்றுலாப் படகும். அவர்களுக்கு நானும் காட்சியில் ஒரு பகுதி. கை காட்டவில்லை.

அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னேன். மண்டபக் காவலர். இருபத்திநாலு வருடம். அரசாங்க வேலை என்பது உண்மை.

"வாச்சரோ?" என்றார்.

"அப்பிடியும் சொல்லலாம்."

"வாச்சர் எண்டா உவர்மலையிலை கொட்டிலுக்குள்ளை தடியோடை குந்தியிருக்கிறவன்."

"இவர் கோட்டுப் போட்ட வாச்சர், அக்கா."

"நக்கலை உன்ரை பேப்பரோடை வைச்சுக்கொள்."

தொலைபேசியில் ஒரு முச்சக்கர வண்டியின் சத்தம், பிறகு மீன்காரனின் ஹோர்ன்.

"அப்ப அவன் எனக்குப் பொய் சொன்னவனோ?"

"கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. ஒபிசர் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

"எனக்குக் கடிதம் பார்க்கத் தேவையில்லை. நான் ஒபிசர் எண்டு சொல்லேக்கை ஏன் இல்லையெண்டு சொல்லேல்லை? எத்தினை தரம் ரெலிபோனிலை சொல்லியிருப்பன்? அசெம்பிளியிலை எழும்பி நிண்டு சொன்னனான், பிள்ளையள், படிச்சா என்ரை தம்பி மாதிரி வரலாமெண்டு. அதையும் அவனிட்டைச் சொன்னனான். சிரிச்சவன்."

"அதுக்குப் பிறகு எப்பிடியக்கா சொல்லுறது?"

"அப்ப பிழை என்ரையோ?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். என்னுடையதும்தான் என்று சேர்த்திருக்கலாம். நிலானியின் நிபந்தனையை மட்டும் சொன்னேன். கதவில் நின்ற கதையையும் சொன்னேன், அவள் சொன்ன அளவிலேயே, கூட்டாமல் குறைக்காமல்.

"சாப்பிட்டுக் கை கழுவ முதல் வாசிச்சுச் சிரிப்பினம்," என்றார் அக்கா. "இவ்வளவு காலமும் இவள் புளுகினவள் எண்டு. நான் இந்த ரோட்டிலை நடக்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் நடக்கத் தேவையில்லை."

அது சரியான கணிப்பு. நான் மறுக்கவில்லை.

"சாம்பல் வராட்டி அந்தியேட்டி என்னத்துக்கு?" என்று பிறகு தனக்குள் போலச் சொன்னார். "சரி. அவள் சொல்லுற மாதிரியே அச்சடிக்கிறன். அச்சுப் புறூவ்வை அவளுக்கு அனுப்பு. அவள் ஓம் எண்டாப் பிறகு ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

அன்று விடுதியில் எழுதினேன். 'பாரிஸில் உள்ள நூதனசாலையொன்றில் இருபத்திநான்கு ஆண்டுகள் மண்டபக் காவலராகப் பணியாற்றினார்.' பத்து வருடங்களுக்கு மேலாக நான் ஒரு செய்தியும் எழுதவில்லை. ஒரு வரிக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. நிலானி காலையில் வாசித்தாள், விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. "ஓம்," என்றாள். நான் ரயில் ஏறினேன். அந்த நகரத்தை விட்டுப் போகிறேன் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. அது என்னைக் கவனிக்கவில்லை, நானும் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

6

விடுப்பு முடிந்துவிட்டதால் அந்தியேட்டிக்கும் நான் போகவில்லை. நிலானி போனாள். அன்று பின்னேரம் திருகோணமலையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று, ஐயருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்றாள்.

"புத்தகம்?" என்று கேட்டேன்.

"ஒட்டியிருக்கிறா, மாமி."

"என்னத்தை?"

"கடதாசி. வெள்ளைக் கடதாசி, சின்னதா வெட்டி. எல்லாப் புத்தகத்திலையும். அந்த வரிக்கு மேலை."

இருநூறு பிரதிகள். அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இரண்டு நாள் இருந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய துண்டில் அச்சடித்திருந்தது: 'பாரிஸ் நூதனசாலையில் அரச பணியாற்றினார்.' அதிலும் பொய் இல்லை. நிலானி கேட்டபோது அக்கா சொன்னாராம், அச்சடிக்கிறன் எண்டனான், அச்சடிச்சனான், ஒட்டமாட்டன் எண்டு யாருக்கும் சொல்லேல்லை.

"நீ என்ன செய்தனீ?"

"சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன செய்யிறது? தட்டோடை நிண்டு எல்லாருக்கும் புத்தகம் குடுத்தன். எல்லாரும் போனாப் பிறகு அவான்ரை அறைக்குப் போனன். அலுமாரி திறந்திருந்தது. அப்பாவின்ரை கடிதங்களோடை ஒரு புத்தகம். ஒட்டாதது."

"எடுத்தியோ?"

"எடுத்தன். பெரிய மாமி உள்ளை வந்தா, தாங்கோ எண்டு கேட்டன். அது என்ரை எண்டா. பறிச்சுத் திருப்பி உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா."

நான் கோபப்படத் தயாரானேன். ஆனால் நிலானியின் குரலில் கோபம் இல்லை.

"பிறகு ஒட்டின புத்தகம் ஒண்டை எடுத்துக்கொண்டு குசினிக்கு வா எண்டா. கேத்தில் வைச்சா. ஆவியிலை பிடிச்சா. பிடிச்சுக்கொண்டே நிண்டா, கை சுடச் சுட. நான் ஒட்டின துண்டை மெல்ல இழுத்தன். இதை நீ வைச்சுக்கொள் எண்டா."

பத்திரிகைக்காரியின் கேள்விதான் எனக்கு முதலில் வந்தது. "எழுத்து அழிஞ்சு போச்சோ?"

"இல்லை மாமி," என்றாள் நிலானி. "பொறுங்கோ." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் வாசித்தாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அந்த வரியை முழுவதும்.

குசினிக்குள்ளிருந்து மல்லிகா அக்காவின் குரல் கேட்டது. "காவலராக இல்லை. கா-வ-ல-ரா-கப். அடுத்த சொல்லோடை சேத்து வாசி."

அவள் சேர்த்து வாசித்தாள்.